உறைமண் உருகினால் நிலம் என்ன ஆகும்? ஆய்வு செய்ய விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரஷ்யாவின் சகா குடியரசில் வெர்கோயான்ஸ்க் என்று ஒரு சின்ன ஊர். குளிர்காலத்தில் அங்கே மைனஸ் 67.8 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருக்கிறது. 2020 ஜூன் 20 அன்று அதே ஊரில் 38 டிகிரி பதிவானது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே பதிவான உச்ச வெப்பநிலை இதுதான் என்று உலக வானிலை அமைப்பு 2021 டிசம்பரில் உறுதிசெய்தது. அதே மாவட்டத்தில் பட்டகாய் என்ற ஊருக்குப் பக்கத்தில், காட்டின் நடுவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் உள்வாங்கிக் கிடக்கிறது. உறைமண் உருகி உண்டான பள்ளங்களில் உலகிலேயே பெரியது அது.

இந்த இரண்டு செய்தியையும் சேர்த்துப் படித்தால் வெயில் ஏறியது, மண் உருகியது, பள்ளம் விழுந்தது என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் பட்டகாய்ப் பள்ளம் தொடங்கியது 1960-களில், அந்தச் சரிவில் மரங்களை வெட்டிய பிறகு. நிழல் போனது, மண்ணை மூடியிருந்த பாசிப் போர்வை கலைந்தது, மழைநீர் ஓடி ஒரு வாய்க்கால் அறுத்தது, அதற்கடியில் இருந்த ஐஸ் வெளியே தெரிந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையும் அதைப் பெரிதாக்கிக்கொண்டே வருகிறது. குளிர்ப் பிரதேச நிலம் மாறுவதை ஆராய நினைக்கும் எவரும் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்: காற்றின் வெப்பம் ஒரு காரணம் மட்டுமே. நிலம் எப்படி மாறும் என்பதைத் தீர்மானிப்பது மண்ணுக்குள் இருக்கும் ஐஸ். அந்த ஐஸைத் தேடுவதிலிருந்து ஆய்வைத் தொடங்குவதுதான் என் வழி, இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகும்.

முதுகலை மாணவர்கள், ஆய்வைத் தொடங்கும் நிலையில் இருப்பவர்கள், தொலையுணர்வுப் படங்களில் பழக்கம் உள்ளவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். சைபீரியாவுக்கோ அலாஸ்காவுக்கோ போக வசதி இல்லாதவர்களும் முதல் ஐந்து படிகளை ஒரு கணினியும் இணையமும் இருந்தால் செய்துவிடலாம்.

படி 1: அடிப்படை இயக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்யம் டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் நிலம் எதுவானாலும் அது பெர்மாஃப்ராஸ்ட், அதாவது உறைமண். பாறையாக இருக்கலாம், மணலாக இருக்கலாம், செடிகொடி மக்கி உண்டான பீட் மண்ணாக இருக்கலாம். உள்ளே ஐஸ் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வட அரைக்கோளத்தில் சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு அடியில் இது இருக்கிறது. இதில் தேங்கியிருக்கும் கரிமக் கார்பன் ஏறக்குறைய 1.5 லட்சம் கோடி டன். இப்போது காற்று மண்டலத்தில் உள்ள கார்பனைப் போல இரண்டு மடங்கு.

உறைமண்ணுக்கு மேலே, கோடையில் இளகி குளிர்காலத்தில் திரும்ப இறுகும் ஒரு அடுக்கு உண்டு. அதை இயங்கு அடுக்கு என்போம். செடியின் வேர், தண்ணீர் ஓட்டம், நுண்ணுயிர் எல்லாம் நடமாடுவது இங்கேதான். கோடை வெப்பம் கூடும்போது இது தடிக்கிறது. கீழே இருப்பது வறண்ட பாறை என்றால் மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது. கீழே ஐஸ் நிறைந்த வண்டல் என்றால் ஐஸ் உருகிய அளவுக்கு நிலம் அமுங்கும். இப்படி அமுங்கி உண்டாகும் குழி, குளம், மேடுபள்ளம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் தெர்மோகார்ஸ்ட்.

இதில் ஒரு இயற்பியல் செய்தியை மட்டும் ஆழமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தை அதே அளவு தண்ணீருக்குக் கொடுத்தால் பூஜ்யத்திலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரிக்கு ஏறிவிடும். அதனால் மைனஸ் 1 டிகிரியை நெருங்கிவிட்ட உறைமண்ணில் வெப்பமானியை வைத்தால், வருடக்கணக்கில் பெரிய மாற்றமே தெரியாது. வெப்பம் முழுவதும் ஐஸை உருக்குவதில் போய்க்கொண்டிருக்கும். மைனஸ் 8 டிகிரியில் இருக்கும் மண்ணிலோ வெப்பநிலை மளமளவென்று ஏறுவது தெரியும். 2007 முதல் 2016 வரை உலகம் முழுதும் உள்ள துளைக்கிணறுகளின் அளவீடுகளைத் தொகுத்தபோது இதுதான் தெரிந்தது: உறைமண் இடைவெளியில்லாமல் பரவிய குளிர்ந்த பகுதிகளில் சராசரியாக 0.39 டிகிரி உயர்வு, விட்டுவிட்டுப் பரவிய பகுதிகளில் 0.20 டிகிரி. குறைவான எண்ணைப் பார்த்து அங்கே பாதிப்பு குறைவு என்று எழுதிவிடக் கூடாது. பல இடங்களில் நிலைமை நேர் எதிர்.

படி 2: கேள்வியைச் சுருக்குங்கள்

'காலநிலை மாற்றம் ஆர்க்டிக் நிலத்தை எப்படி மாற்றுகிறது' என்ற கேள்வியோடு வருபவர்கள் நிறைய. அதை வைத்துக்கொண்டு ஒரு படத்தைக்கூடப் பதிவிறக்க முடியாது. எந்த நில உருவம், எந்த இடம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எதை அளக்கப்போகிறோம் என்ற நான்கும் கேள்வியிலேயே இருக்க வேண்டும்.

உறைமண் நிலத்தில் பின்தொடரத் தக்க உருவங்கள் சில உண்டு. சமவெளியில் பல்கோண வடிவில் பரவிய பனி ஆப்புகள், அதாவது மண் வெடிப்புகளில் ஆப்புபோல இறங்கிய ஐஸ்: ஆப்பின் தலை உருகினால் கட்டங்களின் ஓரம் தாழ்ந்து நடு மேடாகும், ஓரத்தில் தண்ணீர் தேங்கும். ஏரிகள்: சில விரியும், சில ஒரே கோடையில் வடிந்து காணாமல் போகும். சரிவுகளில் உருகுசரிவுகள்: குதிரை லாட வடிவில் ஒரு ஐஸ் சுவர் (தலைச்சுவர் என்போம்) பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகும், பட்டகாய்ப் பள்ளம் இந்த வகைதான். கடற்கரை: அலாஸ்காவின் ட்ரூ பாயிண்ட் போன்ற இடங்களில் கரை ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கும் மேல் பின்வாங்குகிறது. மலைப் பகுதியில் பாறைப் பனியாறுகளும் (ஐஸோடு கலந்து மெல்ல நகரும் கற்குவியல்கள்) உறைந்த மொரைன் சரிவுகளும் (பனியாறு தள்ளிக் குவித்த கல், மண் மேடுகள்).

முதல் ஆய்வுக்கு உருகுசரிவையே எடுங்கள் என்பேன். ஓரம் தெளிவாகத் தெரியும், வேகமாக நகரும், பத்து மீட்டர் துல்லியம் உள்ள இலவசப் படத்திலேயே அளந்துவிடலாம். பனி ஆப்புகளுக்கு ஒரு மீட்டருக்கும் குறைந்த துல்லியம் தேவைப்படும்; அந்தப் படங்கள் பெரும்பாலும் காசுக்குத்தான் கிடைக்கும். ஏரிகள் பார்க்க எளிது, விளக்கக் கடினம். மழை கூடிய ஆண்டில் விரிந்ததா, கரை உருகி விரிந்ததா என்று பிரிப்பதற்குள் ஆய்வுக்காலம் முடிந்துவிடும்.

ஆக, கேள்வி இப்படி இருக்கலாம்: '2016 முதல் 2024 வரை பட்டகாய்ப் பள்ளத்தின் தலைச்சுவர் எந்தப் பக்கம் எவ்வளவு பின்வாங்கியது, அது அந்தந்தக் கோடையின் வெப்பத்தோடு ஒத்துப்போகிறதா?'

படி 3: ஐஸ் எங்கே, எவ்வளவு?

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

1997-இல் வெளியான வட துருவ உறைமண் மற்றும் நில ஐஸ் வரைபடத்தை முதலில் எடுங்கள். கொலராடோவின் போல்டர் நகரில் உள்ள தேசியப் பனி மற்றும் ஐஸ் தரவு மையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உறைமண் 90 சதவீதத்துக்கு மேல் பரவிய பகுதி, 50 முதல் 90 வரை, 10 முதல் 50 வரை, அதற்கும் குறைவு என்று நான்கு வகையாக அதில் பிரித்திருப்பார்கள். கூடவே ஐஸ் எவ்வளவு என்ற குறிப்பும் இருக்கும். பழைய வரைபடம், பெரிய அளவுகோல். ஆனாலும் உங்கள் இடம் எந்த வகையில் விழுகிறது என்று சொல்ல அது போதும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் உறைமண் திட்டம் ஒரு கிலோமீட்டர் துல்லியத்தில் ஆண்டுவாரியாக நில வெப்பநிலையும் இயங்கு அடுக்கின் தடிமனும் தருகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த இடத்தின் புவியியல் வரலாற்றைப் படியுங்கள். கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறை மூடாமல் திறந்து கிடந்த சைபீரியா, அலாஸ்கா பகுதிகளில் யெடோமா என்ற வண்டல் பத்து, இருபது மீட்டர் தடிமனுக்கும் மேலே படிந்திருக்கிறது. அதன் கன அளவில் பாதிக்கு மேல் ஐஸாகவே இருப்பதுண்டு. பனிப்பாறை மூடியிருந்த வடமேற்குக் கனடாவின் பீல் பீடபூமியில் கதை வேறு: அங்கே பனிப்பாறை விட்டுப்போன ஐஸே மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் உருகுசரிவுதான். உள்ளே இருக்கும் ஐஸ் வேறு, சரியும் விதமும் வேறு.

பட்டகாய் இந்த வகையில் ஒரு பொக்கிஷம். ஏறக்குறைய 50 மீட்டர் உயரத் தலைச்சுவரில் மேலிருந்து கீழே வெவ்வேறு காலத்து அடுக்குகள் அப்படியே தெரிகின்றன. அடியில் இருக்கும் உறைமண் சுமார் 6,50,000 ஆண்டுகள் பழையது என்று 2021-இல் கணித்தார்கள். சைபீரியாவில் காலம் கணிக்கப்பட்டதிலேயே மிகப் பழையது அது. இன்றைக்காட்டிலும் வெப்பமான இடைப் பனியுகங்களை, அதாவது இரண்டு பனியுகங்களுக்கு இடைப்பட்ட வெப்பக் காலங்களை, தாண்டி அது உறைந்தே இருந்திருக்கிறது. அவ்வளவு காலம் தாங்கிய ஐஸ் மரத்தை வெட்டிய அறுபது ஆண்டில் கரைகிறது என்றால், மேலே மூடியிருக்கும் காட்டுக்கும் பாசிக்கும் எவ்வளவு மதிப்பு என்பதை யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் மனதைத் தொட்ட செய்தி இதுதான்.

மண் மாதிரி கையில் கிடைத்தால் ஐஸை அளப்பது எளிது. உறைந்த மாதிரியை ஒரு அளவுக் குவளையில் போட்டு உருக விடுங்கள். வண்டல் அடியில் படிந்து, தெளிந்த நீர் மேலே நிற்கும். நீரின் அளவை 1.09-ஆல் பெருக்கினால் அது ஐஸாக இருந்தபோது பிடித்த இடம் கிடைக்கும். ஒரு உதாரணம்: 700 மில்லிலிட்டர் வண்டல், மேலே 300 மில்லிலிட்டர் நீர். ஐஸாக இருந்தபோது நீர் பிடித்த இடம் 327. மொத்தம் 1,027. ஆக உபரி ஐஸ், அதாவது மண்ணின் இடுக்குகளில் அடங்காமல் மிஞ்சிய ஐஸ், சுமார் 32 சதவீதம். அந்த இடத்தில் இன்னும் ஒரு மீட்டர் உறைமண் உருகினால் நிலம் சுமார் 32 சென்டிமீட்டர் அமுங்கும் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். எந்தக் காலநிலை மாதிரியும் இவ்வளவு நேரடியாகச் சொல்லாது.

படி 4: செயற்கைக்கோள் படங்களில் அளப்பது

லேண்ட்சாட் படங்கள் 1972-லிருந்து உள்ளன, 2008-லிருந்து இலவசம். இப்போதைய துல்லியம் 30 மீட்டர். சென்டினல்-2 படங்கள் 2015-லிருந்து, 10 மீட்டர் துல்லியத்தில். அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் 1960 முதல் 1972 வரை கொரோனா என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் இருக்கின்றன. 1995-இல் ரகசியம் நீக்கப்பட்டன. ஒரு பள்ளம் தொடங்கும் முன் அந்த இடம் எப்படி இருந்தது என்று காட்ட இவற்றைவிட நல்ல சான்று கிடையாது.

படத் தேர்வில் கறாராக இருங்கள். ஜூலை கடைசி முதல் ஆகஸ்ட் வரை எடுத்த படங்களை மட்டும் எடுங்கள். ஜூனில் பள்ளத்தின் ஓரத்தில் பனி ஒட்டியிருக்கும், செப்டம்பரில் சூரியன் தாழ்ந்து சுவரின் நிழலே சுவராகத் தெரியும். ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய ஒரே தேதியில் எடுத்ததாக இருந்தால் நிழலின் நீளமும் ஒன்றாக இருக்கும். மேகமூட்டத்தால் சில ஆண்டுகள் விட்டுப்போகும். போகட்டும். மங்கலான படத்தை வைத்து ஊகித்து வரைந்த கோடு, கோடே இல்லாததைவிட மோசம்.

படங்களை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து தலைச்சுவரின் மேல் விளிம்பை ஆண்டுவாரியாகக் கையால் வரையுங்கள். முழு ஓரத்தையும் வரைய வேண்டாம். கீழ்ப்பக்கம் சேறு வழிந்து ஓடும் இடத்துக்கு எல்லையே இருக்காது. எந்த அம்சத்தை விளிம்பு என்று எடுத்தீர்கள், காடு முடியும் இடமா, சுவர் தொடங்கும் இடமா என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். அதே படத்தை ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரையுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கைப்பிழை. சுவர் ஆண்டுக்குச் சராசரியாக 10 மீட்டர் நகர்கிறது என்றால், சென்டினல் படத்தில் அது ஒரு படப்புள்ளி அளவு. ஒரே ஆண்டு நகர்வை அதில் நம்பிச் சொல்ல முடியாது. எட்டு ஆண்டில் எட்டுப் படப்புள்ளி என்றால் தாராளமாகச் சொல்லலாம்.

வரைபடத் திட்டத்தில் பலர் சறுக்குவார்கள். இணைய வரைபடங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் மெர்க்கேட்டர் திட்டத்தில், பட்டகாய் இருக்கும் அட்சரேகையில் நீளம் சுமார் 2.6 மடங்கும் பரப்பு கிட்டத்தட்ட 7 மடங்கும் பெருத்துக் காட்டும். அளக்கும் முன், அளவை அதிகம் சிதைக்காத யூடிஎம் திட்டத்தில் அந்தப் பகுதிக்குரிய மண்டலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பரப்பு மட்டும் போதாது, கன அளவும் வேண்டும் என்றால் ஆர்க்டிக்டெம் உயரத் தரவு இருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் துருவப் புவிவெளி மையம் 2 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகத் தருகிறது. ஒன்றாக ஒட்டிய முழுப் படத்தை எடுக்காமல் தேதியோடு வரும் தனித்தனிப் பட்டைகளை எடுங்கள். இரண்டு தேதிகளைக் கழிக்கும் முன், மாறாத பாறைப் பரப்பு ஒன்றைப் பிடித்து இரண்டையும் கிடையாகவும் செங்குத்தாகவும் பொருத்த வேண்டும். பொருத்தாமல் கழித்தால் மாறாத மலையே ஒரு மீட்டர் எழும்பியதுபோலக் காட்டும். பட்டகாய்ப் பள்ளம் இப்போது ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் கன மீட்டர் பெருகுகிறது என்பது இந்த மாதிரி உயரக் கணக்குகளில் தெரிந்ததுதான். அதில் பெரும்பங்கு ஐஸ்.

சமவெளியில் சில சென்டிமீட்டர் அமுங்குவதை அளக்க சென்டினல்-1 ரேடார் படங்களை வைத்துக் குறுக்கீட்டு முறையில், அதாவது இரண்டு தேதிகளில் திரும்பி வந்த அலைகளின் வித்தியாசத்தைக் கொண்டு, கணக்கிடுவார்கள். சக்திவாய்ந்த முறை, ஆனால் முதல் ஆய்வுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கோடையில் ஈரம் மாறினாலே அளவு ஆட்டம் காணும். ஒவ்வொரு ஆண்டும் உறைந்து எழும்பி இளகி அமுங்கும் இயல்பான அசைவையும் அதில் பிரித்தெடுக்க வேண்டும்.

படி 5: வானிலைத் தரவோடு இணைப்பது

பக்கத்து வானிலை நிலையத்தின் தினசரித் தரவு அமெரிக்கத் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் தொகுப்பில் கிடைக்கும். நிலையம் இல்லாத இடத்துக்கு ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் ஈஆர்ஏ5-லேண்ட் தரவு இருக்கிறது. 1950-லிருந்து, சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களில். இரண்டும் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஆண்டுச் சராசரி வெப்பநிலையை மட்டும் எடுத்து வரைபடம் போட்டால் ஏமாந்துபோவீர்கள். இளகலுக்கு முக்கியம் கோடையின் மொத்த வெப்பம். பூஜ்யத்துக்கு மேலே உள்ள தினசரிச் சராசரிகளை எல்லாம் கூட்டினால் வருவது இளகல் டிகிரி-நாள். இளகும் ஆழம் இதன் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறும். ஒரு இடத்தில் 900 டிகிரி-நாள் கோடையில் 60 சென்டிமீட்டர் இளகியது என்று வைத்துக்கொள்வோம். 900-இன் வர்க்கமூலம் 30. ஆக குணகம் 2. அடுத்த கோடை 1,156 என்றால் வர்க்கமூலம் 34, ஆழம் 68 சென்டிமீட்டர். வெப்பம் 28 சதவீதம் கூடியும் ஆழம் 13 சதவீதம்தான் கூடுகிறது. கணக்கு சொல்வதைவிட உண்மையில் அதிகம் இளகியிருந்தால் வெப்பத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று பொருள். அதைத் தேடிப் போக வேண்டியதுதான் அடுத்த படி.

குளிர்காலத்தையும் மறக்க வேண்டாம். பனி ஒரு கம்பளிப் போர்வை மாதிரி. அக்டோபரிலேயே தடிமனாக விழுந்துவிட்டால் கோடை வெப்பம் வெளியே போகாமல் மண்ணுக்குள் அடைபட்டுவிடும். காற்று வெப்பநிலை மாறாமலேயே பனி கூடியதால் மட்டும் மண் சூடாகலாம். பனியாழத் தரவை வெப்பநிலைத் தரவுக்குச் சமமாக மதியுங்கள்.

படி 6: காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்

ஆர்க்டிக் 1979-லிருந்து உலகச் சராசரியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருகிறது. இது உண்மை. ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இதையே காரணமாக எழுதிவிட்டுப் போனால் அது ஆய்வாகாது. உங்கள் இடத்தில் தொடக்கி வைத்தது எது, தொடர்ந்து தள்ளுவது எது என்று இரண்டாகக் கேளுங்கள்.

கனடாவின் பேங்க்ஸ் தீவில் 1984 முதல் 2015 வரை உருகுசரிவுகள் 60 மடங்கு பெருகின. 4,000-க்கும் மேல் புதிதாகத் தோன்றின. இவற்றில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தவை அல்ல. விரல்விட்டு எண்ணக்கூடிய சில கடும் வெப்பக் கோடைகளை அடுத்துக் கூட்டமாக வந்தவை. சராசரிக் கோட்டை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. பீல் பீடபூமியில் மழையின் பங்கு பெரிது: கனமழை சரிந்த சேற்றை அடித்துக்கொண்டு போவதால் ஐஸ் சுவர் மூடப்படாமல் திறந்தே இருக்கிறது, உருகல் நிற்பதில்லை. வடக்கு அலாஸ்காவில் 2007-இல் அனக்டுவுக் ஆற்றுப் பகுதியில் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் துந்த்ரா, அதாவது மரமில்லாக் குளிர்வெளி, எரிந்தது. அதற்கப்புறம் பல ஆண்டுகள் அந்த நிலம் அமுங்கிக்கொண்டே இருந்தது.

எதிர்த் திசையில் போகும் முடிவுகளையும் ஒதுக்காதீர்கள். சைபீரியாவின் பெரிய ஏரிகளை 1973-இலும் 1997-98-இலும் எண்ணியபோது மொத்தத்தில் சுமார் 11 சதவீதம் குறைந்திருந்தது. இடைவெளியில்லாத உறைமண் பகுதியில் ஏரிகள் கூடியிருந்தன. விட்டுவிட்டுப் பரவிய தெற்குப் பகுதியில் அடித்தளம் ஓட்டையாகி நீர் வடிந்துபோயிருந்தது. ஒரே வெப்பமயமாதல், ஒரு பக்கம் ஏரியைப் பெருக்குகிறது, இன்னொரு பக்கம் வற்ற வைக்கிறது.

கட்டடமும் குழாயும் சம்பந்தப்பட்ட இடங்களில் இன்னும் நிதானம் தேவை. 2020 மே 29 அன்று ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரில் ஒரு தொட்டி இடிந்து சுமார் 21,000 டன் டீசல் கொட்டியது. உறைமண் உருகியதுதான் காரணம் என்று உடனே பேச்சு எழுந்தது. பின்னர் நடந்த அரசு விசாரணை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. வெப்பமயமாதலைச் சொல்லி மனிதப் பொறுப்பைக் கழுவிக்கொள்ள ஆய்வாளர்கள் இடம் கொடுக்கக் கூடாது.

படி 7: களத்தில் அளப்பது

எளிய கருவியிலிருந்து தொடங்கலாம். இயங்கு அடுக்கை அளக்க ஒரு மெல்லிய எஃகுக் கம்பி போதும். ஆகஸ்ட் கடைசியில், இளகல் உச்சத்தில் இருக்கும்போது, கம்பியை நேராகக் குத்தி இறக்க வேண்டும். கல்லில் பட்டால் 'ணங்' என்று கையில் அதிரும், கம்பியைக் கொஞ்சம் நகர்த்திக் குத்தினால் கீழே போய்விடும். உறைமண்ணில் பட்டால் சத்தம் மந்தமாக இருக்கும், பக்கத்தில் எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே ஆழத்தில் நிற்கும். 1991-இல் தொடங்கிய இயங்கு அடுக்கு கண்காணிப்புத் திட்டத்தில் நூறு மீட்டர் அல்லது ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் 121 புள்ளிகளை இப்படித்தான் அளக்கிறார்கள். நீங்களும் அதே முறையைப் பின்பற்றினால் உங்கள் எண்களை உலகத் தொகுப்போடு ஒப்பிடலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஐஸ் உருகி நிலமே கீழே இறங்கினால், கம்பி மேற்பரப்பிலிருந்து அதே 50 சென்டிமீட்டரைத்தான் காட்டும். ஆண்டுக்கு ஆண்டு மாற்றமே இல்லை என்று எழுதிவிடுவீர்கள். அலாஸ்காவின் உட்கியாக்விக் பகுதியில் பல ஆண்டு அளவீடுகளில் இது வெளிப்பட்டது: ஆழம் பெரிதாக மாறவில்லை, நிலம் இறங்கியிருந்தது. அதனால் உறைமண்ணுக்குள் ஆழமாக ஊன்றிய ஒரு குழாயையோ, துல்லிய ஜிபிஎஸ் கருவியையோ வைத்து மேற்பரப்பின் உயரத்தையும் கூடவே அளக்க வேண்டும்.

மண்ணின் வெப்பநிலைக்குத் துளை போட்டு வெவ்வேறு ஆழத்தில் உணரிகளை இறக்குவார்கள். பத்து, இருபது மீட்டருக்குக் கீழே கோடை-குளிர் வித்தியாசம் மறைந்து, நீண்டகாலப் போக்கு மட்டும் தெரியும். இந்த வேலைக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. சகா குடியரசின் தலைநகர் யாகுட்ஸ்கில் ஷெர்கின் என்ற வணிகர் 1828-இல் கிணறு வெட்டத் தொடங்கினார். 116 மீட்டர் போயும் தண்ணீர் வரவில்லை, மண் உறைந்தே இருந்தது. 1840-களில் மிடென்டார்ஃப் என்ற இயற்கை ஆய்வாளர் அந்தக் கிணற்றுக்குள் இறங்கி ஆழவாரியாக வெப்பநிலை அளந்தார். நார்வேயின் ஸ்வால்பார்டில் யான்சன்ஹாகென் என்ற இடத்தில் 1998-இல் தோண்டிய 102 மீட்டர்த் துளை இன்றைக்கும் அளவு தந்துகொண்டிருக்கிறது.

உணரிகளை ஊரிலேயே சரிபார்த்துக்கொண்டு போங்கள். ஒரு ஃபிளாஸ்க்கில் பொடித்த ஐஸும் வாலை வடிநீரும் கலந்து நன்றாகக் கிளறினால் அது சரியாகப் பூஜ்யம் டிகிரியில் நிற்கும். உணரிகளை அதில் சில மணி நேரம் வைத்து, எது எவ்வளவு பிசகுகிறது என்று ஒவ்வொன்றின் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். உறைமண்ணில் 0.2 டிகிரி பிசகு என்றால் உறைந்திருக்கிறதா இளகிவிட்டதா என்பதே தலைகீழாகிவிடும். கேபிள்களை உலோகக் குழாய்க்குள் விடுங்கள், நரிகளும் அணில்களும் கடித்துவிடும்.

ட்ரோன் கொண்டுபோனால் மாற்று பேட்டரிகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உருகுசரிவின் விளிம்பில் நிற்கவே கூடாது. மேலே புல் தரைபோலத் தெரிந்தாலும் அடியில் சுவர் உள்வாங்கியிருக்கும்.

படி 8: அனுமதியும் அந்த மண்ணின் மக்களும்

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் ஆய்வு செய்யத் தனி உரிமம் வேண்டும். அங்குள்ள பூர்வகுடிச் சமூகங்களின் கருத்தைக் கேட்ட பிறகே அது கிடைக்கும். ஸ்வால்பார்டில் ஆய்வை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், ஊரை விட்டு வெளியே போகும்போது துருவக் கரடிகளை விரட்டும் ஏற்பாடு கையில் இருக்க வேண்டும். ரஷ்யாவில் 2022-க்குப் பிறகு மேற்கு நாடுகளின் கூட்டாய்வுகள் பெரும்பாலும் நின்றுபோயின. உலக உறைமண்ணின் மிகப் பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது என்பதால் இந்த இடைவெளி எல்லோருக்கும் இழப்பு.

அனுமதிக் கடிதத்தோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். சகா மக்கள் பல நூற்றாண்டுகளாக அலாஸ் எனும் புல்வெளித் தாழ்வுகளில் குதிரையும் மாடும் வளர்த்து வாழ்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உறைமண் உருகி உண்டான நிலங்கள் அவை. எந்தத் தாழ்வு பழையது, எந்த வயல் போன பத்து ஆண்டில் மேடுபள்ளமானது, எங்கே வைக்கோல் அறுக்க முடியாமல் போனது என்று அவர்களுக்குத் தெரியும். படத்தில் ஐந்து ஆண்டு கழித்துத் தெரியும் மாற்றத்தை அவர்கள் முதல் கோடையிலேயே காலில் உணர்ந்திருப்பார்கள். அலாஸ்காவின் நியூடாக் ஊரில் யூபிக் மக்கள் கரை அரிப்பும் மண் உருகலும் தாங்காமல் 2019-லிருந்து மெர்டார்விக் என்ற புது இடத்துக்குக் குடிபெயரத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஆய்வு செய்தால், உங்கள் வரைபடம் முதலில் போக வேண்டியது அந்த ஊர்ச் சபைக்கு.

இந்தியாவிலிருந்து போக வழிகள்

ஸ்வால்பார்டின் நி-ஆலசுந்தில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இயங்குகிறது. கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் அதற்கான ஆய்வு முன்மொழிவுகளைக் கேட்டு அறிவிப்பு வெளியிடும். ஆர்க்டிக்தான் வேண்டும் என்றில்லை. லடாக்கிலும் சிக்கிமிலும் மலை உறைமண் இருக்கிறது, அளந்தவர்கள் குறைவு. 2023 அக்டோபர் 3 இரவு சிக்கிமின் தெற்கு லோனக் ஏரியில் உறைந்திருந்த மொரைன் சரிவு இடிந்து விழுந்து, ஏரி உடைந்து, தீஸ்தா ஆற்றில் வெள்ளம் வந்து அணையையே அடித்துப்போனது. அந்தச் சரிவு முன்பே நகர்ந்துகொண்டிருந்தது பழைய செயற்கைக்கோள் படங்களில் தெரிகிறது. படி 4-இல் சொன்ன முறையை இமயமலையின் பனியேரிகளைச் சுற்றியுள்ள சரிவுகளில் செய்து பார்க்க இங்கே உடனடித் தேவை இருக்கிறது.

படி 9: எழுதுவதும் தரவைச் சேர்ப்பதும்

ஒவ்வொரு எண்ணோடும் அதன் பிழை வரம்பை எழுதுங்கள். '80 மீட்டர் பின்வாங்கியது' என்பதைவிட '80 மீட்டர், 10 மீட்டர் கூடக்குறைய' என்பதே பயன்படும். மாற்றம் இல்லாத இடங்களையும் சேர்த்து எழுதுங்கள். பத்துச் சரிவில் எட்டு அசையவில்லை என்றால், அசைந்த இரண்டில் என்ன வித்தியாசம் என்ற கேள்விதான் ஆய்வின் சாரம். வெப்பம் மட்டும் காரணமா, மழையா, காட்டுத்தீயா, வெட்டிய மரமா என்பதில் உறுதியாகச் சொல்ல முடிந்ததையும் முடியாததையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள்.

தரவை உங்கள் கணினியிலேயே விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியின் பாங்கேயா, அமெரிக்காவின் ஆர்க்டிக் தரவு மையம் ஆகிய இரண்டு தரவுக் களஞ்சியங்களிலும் நிரந்தர அடையாள எண்ணோடு சேர்க்கலாம். தலைச்சுவர்க் கோடுகள், எந்தப் படத்தில் எந்தத் தேதியில் வரைந்தது, எந்த வரைபடத் திட்டம், உணரி ஒவ்வொன்றின் ஐஸ் குளியல் திருத்தம் எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கட்டும். அவை இருந்தால் அடுத்த கோடையின் படம் வந்ததும் வேறொருவர் உங்கள் கடைசிக் கோட்டிலிருந்து அளவைத் தொடர முடியும்.